விசிறி இல்லாத விமானம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பேரிகை என்ற ஊரில் இருந்த கம்பவுண்டருக்கு விரல் நுனியெல்லாம் டிஞ்சர் கறை. பெங்களூர்ப் பக்கமிருந்து சின்ன விமானம் வந்தால், கலக்கிக்கொண்டிருக்கும் மருந்தை வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பார். சந்தை நாளில் அவரும் பள்ளி ஆசிரியனான நானும் டீக்கடையில் உட்கார்ந்து, அந்த வாரம் வரைந்த விமானப் படங்களை மாற்றிப் பார்ப்போம். முதலில் நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம்.

அவருடைய விமானங்களுக்கு மூக்கில் விசிறி இருக்காது. சுற்றும்போது அது கீழேயிருந்து தெரியாதே. ஒருமுறை பெங்களூரில் தரையில் நின்ற விமானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க வராது. அவருடைய படத்தைக் கையில் வாங்கியதுமே, "இது தப்புங்க. விசிறி இல்லாம பறக்காது" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பாத்ததைத்தானே சார் போட்டேன்" என்றார். "எப்பிடி இருக்குது அது, சொல்லுங்க."

சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சந்தைக்கும் வந்தார். என் படத்தை வெகுநேரம் பார்த்து, "வாலு நல்லா வந்திருக்குது சார்" என்றார். அவருடையதைக் கேட்டேன்.

"இப்ப போடறதில்லைங்க. நீங்க போடுங்க, நான் பாக்கறேன்."

பிறகும் ஒவ்வொரு வாரமும் வந்து எதையாவது பாராட்டினார். அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.