இருமுறை காட்டப்பட்ட ஒளிநாடா

பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பிரசவம் பார்த்துவந்த மருத்துவமாது ஒருவர், கற்பித்ததைச் சரிவரக் கற்கவில்லை என ஒரு கூட்டத்தில் முடிவு கட்டினார்கள். அவர் கற்றிருந்தார் என்பதை அறிந்தோர் அருகி வருவதால் இதனை எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் சுகாதாரப் பயிற்சிப் பிரிவில் மொழிபெயர்ப்பாளன். மகப்பேற்றுக்குப் பின் நேரும் குருதிப்போக்கைக் கட்டுப்படுத்தும் முறைபற்றிக் கொழும்பில் எடுத்த ஒளிநாடாவுக்குத் தமிழுரை எழுதிக் குரலும் கொடுத்தேன். தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, சுற்றுவட்டார மருத்துவமாதருக்கு அதனைக் காட்டினோம். திரையில் தாதி தொலைபேசியை வைத்ததுமே அம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

"போன வைக்கல, வண்டி வந்துருச்சு பாருங்கடி! பொண்ணு பாக்க வர்றவங்ககூட இம்புட்டு வெரசா வரமாட்டாங்க," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தனர்.

நான் குறிப்பிடும் மருத்துவமாது சிரிக்கவில்லை. "ஐயா, அந்த வயித்தத் தேய்க்கிற எடத்த இன்னொருக்கா போடுங்க," என்றார். போட்டோம். மடியில் தலையணையை வைத்து, திரையிலிருந்த கையோடு தம் கையையும் அசைத்துப் பழகினார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பின்னும் குருதி நிற்கவில்லை. அவர் வயிற்றைத் தேய்த்தார்; குழந்தையைத் தாயின் மார்பில் இட்டார்; உடனே வாகனத்துக்கு ஆளனுப்பினார். தோட்டத்தில் வாகனம் என்பது கொழுந்து ஏற்றும் லொறிதான். சாரதி இரக்கமுள்ளவர். நோயாளி நீட்டிப் படுக்க இடம் வேண்டுமென எண்ணி, ஏற்றிய கொழுந்தைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வரப் போனார். அங்கே மற்றைய லொறிகள் நிறுவைக்குக் காத்துநின்றன. நிறுக்காமல் கொழுந்தை இறக்கும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை.

அவர் திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

"ஈரக் கொழுந்து மேல பச்ச ஒடம்புக்காரிய எப்படிங்க மிஸ்ஸி படுக்க வைக்கிறது? அதாங்க..." என்றார் சாரதி.

"மூட்ட மேலயே தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கலாமேண்ணே," என்றாராம் மருத்துவமாது, அப்பெண்ணின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே. பதுளை ஆசுபத்திரிக்குச் சற்று முன்னுள்ள வளைவில் அப்பெண் இறந்தாள். இவ்வளவையும் சாரதியே பின்னர் என்னிடம் சொல்லி அழுதார்.

விசாரணைக் கூட்டத்தில் லொறியைப்பற்றி நான் பேசினேன். "அது தோட்ட நிருவாகத்தின் விடயம், நம்முடையது பயிற்சி," என்றார் தலைமை வகித்த அதிகாரி. ஒளிநாடாவை அம்மருத்துவமாதுக்கு மீண்டும் காட்டுவதெனத் தீர்மானித்தார்கள். காட்டினோம். அவர் முன்வரிசையில், கைகளை மடியில் கோத்து, தொடக்கம் முதல் முடிவுவரை என் குரலைக் கேட்டபடி இருந்தார்.

"இப்பவாவது வெளங்கிச்சா?" என்றார் அதிகாரி.

"வெளங்கிச்சுங்க ஐயா."

அதன்பின் அவர் அத்தோட்டத்தில் நெடுநாள் இருக்கவில்லை. லொறி வழக்கம்போல் ஓடியது.

இறந்த பெண்ணுக்கு அது எத்தனையாவது பிள்ளை என்பதும், அப்பிள்ளை பிழைத்ததா என்பதும் எனக்குத் திண்ணமாகத் தெரியவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையிலும் முதுமை மறதி புகுந்திருக்கலாம். அக்காலத்தில் அங்கிருந்தவர்கள் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், பிழை கண்ட இடத்தைத் தயங்காது திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.