என் மனைவியின் தோளில் கேட்காத சத்தம்

வலை இழுத்துக் காய்த்த கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகும், ஒற்றும் விட்டுப்போகும், கோபிக்காமல் படியுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் என் மனைவிக்கு வலது தோள் இறுகிப்போனது. எங்கள் வைத்திக்குப்பத்திலிருந்து சாரம் ஊர் வரை தலையில் மீன் சுமந்து விற்றவள், கூடையைப் பிடிக்கக் கை தூக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். பலனில்லை. ஆஸ்பத்திரியில் புது மிஷின் வந்திருக்கிறது என்றார்கள், கூட்டிக்கொண்டு போனேன்.

மிஷின் பிடித்தவன் என்னைவிட இளையவன். அவள் தோளில் எண்ணெய் தடவி, குமிழ் போன்ற ஒன்றை வட்டம் வட்டமாக நகர்த்தினான். அதற்குள் ஒரு கல் வில்லை இருக்கிறதாம். கரண்ட் பட்டால் நொடிக்குள் லட்சக்கணக்கான தடவை விரிந்து சுருங்குமாம். அந்த அதிர்வு சத்தமாகச் சதைக்குள் இறங்கிச் சூடாக்குமாம். நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது, அதற்குத்தான் எண்ணெய் என்றான். குமிழின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினான். அது புகையாகச் சிதறியது. அவள் சிரித்தாள். நான் தைலம் தேய்த்தபோது ஒரு நாளும் சிரித்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இவன் என்ன சத்தம் விடுகிறான் என்று தெரிந்தாக வேண்டும். கடலில் கத்தாழை மீன் கூட்டமாக இருந்தால் கத்தும். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மேல் நுனியில் காதை வைத்தால் எங்களுக்குக் கேட்கும். அதே மாதிரி அவள் முழங்கையைப் பிடித்துக் காதை ஒட்டினேன்.

"என்னாய்யா பண்ற? என் தோள்ல என்னா கத்தாழையா மேயுது?" என்றாள். காத்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. "இது காதுக்கு எட்டாத சத்தம்ணே. நாய்க்குக்கூட கேக்காது."

சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த தடவையிலிருந்து வெளியே உட்கார்ந்தேன். என்னிடம் சொல்லாத சந்தைக் கதையெல்லாம் அவனிடம் சொல்வது கதவு வழியே கேட்கும். மிஷினை நிறுத்தியதும் என்னைக் கூப்பிடுவான். சூடு ஆறுவதற்குள் கையை மெல்லத் தூக்கிவிட வேண்டுமாம். அது என் வேலை. இதமான சூடு அவன் கணக்கில், வலி என் கணக்கில். என்னைத்தான் திட்டித் தீர்த்தாள்.

கை மேலே வந்தது. திரும்பவும் வியாபாரத்துக்குப் புறப்பட்ட அன்று, கூட விற்கிறவள் எப்படிச் சரியானது என்று கேட்டாள்.

"மிஷின்கார தம்பி கை அப்படி," என்றாள் என் மனைவி.

பக்கத்தில் நின்று கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கும் அவள் கை தூக்கிக் கொண்டை போட்டால், முதலில் அவன் நினைப்புதான் எனக்கு வருகிறது.

1962, ஐப்பசி 9.