பேச்சியின் இடது கை

பிறர் வாயில் சொல் வந்து சேரும்வரை நம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பேச்சுப் பயிற்சி என்னும் தொழில். ராஜபாளையத்தில் ஓர் ஒற்றை அறையில் அதை நடத்துகிறேன். வீட்டிலும் பேச ஆளில்லை. மௌனம் எனக்குப் பழகிவிட்டது. திக்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை நாமே சொல்லி முடித்துவிடலாமா என்று தவித்திருப்பீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சோத்தாங்கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் முருகேசன், இருபது வயது மகளை அழைத்து வந்தார். பெயரைக் கேட்டேன். உதடுகள் ஒட்டிக்கொண்டன. அப்பா முந்திக்கொண்டு, "பேச்சியம்மா" என்றார். பேச்சு என்பது பெயரிலேயே இருக்கிறது. அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. பிறவியிலேயே இடதுகைக்காரி. பீச்சாங்கையால் கொடுத்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, சின்ன வயதில் முருகேசன் அந்தக் கையைத் துண்டால் கட்டிப்போட்டுச் சோத்தாங்கைக்குப் பழக்கியிருக்கிறார். அந்த வருஷம்தான் திக்கலும் தொடங்கியதாம். "கையைத் திருத்தப் போயி நாக்கைக் கெடுத்துட்டேனா, டீச்சர்?"

கோலம்

தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரு காலத்தில் எங்கள் துறையில் அப்படி நம்பினார்கள். பிறகு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். கட்டிய கையை அவிழ்த்துப் பார்ப்பதில் தப்பில்லையே. சாக்பீஸைக் கொடுத்து, பிடித்த கையால் கோலம் போடச் சொன்னேன்.

இடது கை தரைக்கு இறங்கியது. புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி இழை ஓடியது. போட்டுக்கொண்டே, அய்யனார் கோவில் அருவியில் அத்தையின் செருப்பு அடித்துக்கொண்டு போன கதையைச் சொன்னாள். ஒரு திக்கல் இல்லை. அந்த அருவியே அறைக்குள் விழுவது போலிருந்தது. மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சுழியை முடித்து நிமிர்ந்தவள் மிரண்டுபோய்க் கேட்டாள்: "டீ... டீச்சர், இம்புட்டு நேரம் பேசுனது யாரு?"

கல்லா

அடுத்த வாரமே திக்கல் திரும்பிவிட்டது. இடது கை மட்டும் மறுபடி ஒளிய மறுத்தது. ஒரு நாள் பார்ப்போம் என்று முருகேசன் அவளைக் கல்லாவில் உட்கார வைத்தார். நானும் போயிருந்தேன்.

வ. புதுப்பட்டியிலிருந்து வந்த விவசாயி ஒருவர் அரைக் கிலோ கேட்டார். பேச்சி இடது கையால் பெட்டியை நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஏம்மா, சோத்தாங்கையில குடு. ஒம் பேரென்ன?"

"பே..." நின்றுவிட்டது. முருகேசன் வாயைத் திறந்தார். கை காட்டித் தடுத்தேன். கடையில் ஒருவரும் அசையவில்லை. நீட்டிய கை இறங்கவில்லை.

"பேச்சியம்மா."

அந்தப் பெயரை அவள் குரலில் அன்றுதான் கேட்டேன். அந்த விவசாயி, சாமி முன் நிற்பதுபோல் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். "பேச்சி வாய் தொறக்கணும்னா செத்த நேரம் காத்துத்தான் கெடக்கணும், எங்க ஊரு பேச்சி கோயில்ல அருள்வாக்கு கேக்கவும் அப்படித்தான்."

கைக்கும் நாக்குக்கும் என்ன உறவென்று இன்றும் எனக்குத் தெரியாது. கல்லாவை விட்டு எழ நேரமில்லாத பேச்சி பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டதால், இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.