இறக்கத்தில் நின்ற ஜப்பான் வண்டி

ஜப்பான் வண்டி என்றால் இன்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கூட, எஞ்சின் ஜப்பான்தானே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மற்ற எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அப்படிப் போட்ட கையெழுத்துகளைச் சரிபார்த்து உரிமை மாற்றிக் கொடுப்பதுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை என் உத்தியோகம். வண்டியின் நிறத்தை மாற்றினாலும் ஒரு நடைமுறை உண்டு, எஞ்சினை மாற்றினாலும் ஒன்று உண்டு. அதன் பெயர் கெட்டாலோ தேறினாலோ மட்டும் யாரும் எங்கும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர் ஏற்காட்டில் ஒரே பிற்பகலில் கெட்டுப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கம்பெனிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

நான் சிறுமியாக இருந்தபோது ஜப்பான் என்ற சொல்லுக்குக் கடைத்தெருவில் வேறு பொருள். சாவி கொடுத்தால் இரண்டு முறை தத்திவிட்டு மூன்றாம் முறை படுத்துக்கொள்ளும் தகரத் தவளைக்கு ஜப்பான் சாமான் என்று பெயர். பிடி கழன்ற குடையும் ஜப்பான் சாமான்தான், அது சேலத்திலேயே செய்ததாக இருந்தாலும். எங்கள் உறவில் ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கு, மாப்பிள்ளை ஜப்பான் சாமான் என்று யாரோ சொன்னதே காரணம் என்பார்கள்.

என் அம்மா நான் நடக்கத் தொடங்குமுன் இறந்துவிட்டார். அத்தா என்னைத் தாய்மாமன் வீட்டில் விட்டுவிட்டுப் பினாங்குக்குப் பிழைக்கப் போனார். அப்பாவை அத்தா என்று கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். கூப்பிட ஆள் இல்லாததால் எனக்கு அந்தச் சொல் அதிகம் பழகவில்லை. மாமாவுக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற சாலைச் சந்திப்பில் மளிகைக் கடை. மாமாவும் மாமியும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். சொல்லிவிட்டதால் மட்டும் கதை மாறிவிடாது.

வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் படிக்கக் கொண்டுவந்து விடும் ஊர் ஏற்காடு. பள்ளி திறக்கும்போது டிரங்குப் பெட்டிகளும் அழுகையுமாக வந்து இறங்குவார்கள். அவர்களைப் பார்த்து ஊர் பரிதாபப்படும். ஆனால் பரீட்சை முடிந்ததும் அவர்களை அழைத்துப் போக ஆள் வரும். கார்கள் ஒவ்வொன்றாக மலை இறங்கிய பிறகு ஊரில் மிஞ்சுவது பனியும், குரங்குகளும், நானும். எங்காவது கொண்டுபோய் விட வேண்டும் என்று என்னைப் பற்றி யாரும் யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று. கொண்டுவந்து விடும் இடத்தில் நான் ஏற்கெனவே இருந்தேன்.

அத்தா கப்பலில் ஒரு காரோடு மதராஸ் வந்து இறங்கியிருக்கிறார், மலைக்கும் வருகிறார் என்று தகவல் வந்தபோது மாமாவுக்கு ஒரே சந்தோஷம். வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்தான் தன் காரைக் கொண்டுவர முடியும் என்று துறைமுகம் தெரிந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். "காரோட வர்றாருன்னா இனி போக மாட்டாரு. புள்ளைக்கு விடிஞ்சுது" என்று மாமியிடம் சொன்னார். எனக்குப் புதுப் பாவாடை தைத்தாயிற்று. விதியைப் பிற்காலத்தில் நானும் படித்தேன். நிரந்தரமாக என்ற சொல்லுக்கு அதில் விளக்கம் உண்டு. யாரோடு நிரந்தரமாக என்பதற்கு இல்லை.

அந்நாளில் மலையேறி வரும் கார்கள் ஒண்டிக்கடைக்கு வந்ததும் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். ரேடியேட்டர் கொதித்திருக்கும். யாராவது ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். இன்னொருவர் மூடிமேல் ஈரச்சாக்கைப் போட்டுத் திறப்பார். மாமா கடையில் இதற்கென்றே வைத்திருந்த டின்னில் தண்ணீர் வரும். வந்தவரை வாங்க என்று சொல்வதற்கு முன் அவருடைய வண்டிக்குத் தண்ணீர் காட்டுவது ஒண்டிக்கடை மரியாதை.

அத்தாவின் கார் வெளிர்நீல நிறத்தில், பெரிய சோப்புக்கட்டி போல, சத்தமில்லாமல் வந்து நின்றது. ஆவியும் இல்லை, வாசனையும் இல்லை. கல்லோடு ஓடியவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஈரச்சாக்கு எங்கள் ஊர் டாக்சிக்காரரின் பொறுப்பு. மலைப்பாதையில் அவர் கைவைக்காத எஞ்சின் இல்லை. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் ததும்ப இருந்தது. ஆனாலும் மரியாதை மரியாதைதான் என்று டின்னிலிருந்து ஒரு வாய் ஊற்றினார். அது வழிந்து அத்தாவின் பளபளத்த பூட்ஸில் கொட்டியது.

"ஏனுங்க, இது எந்த ஊரு வண்டிங்க?" என்றார்.

"ஜப்பான்."

"பொம்ம செய்யறவன் காரும் செய்யறானுங்களா? சாவி முதுகுலங்களா இருக்குது?"

ஒண்டிக்கடை சிரித்தது. அத்தாவும் சிரித்தார். கூட்டத்தில் என்னைத் தேடி அவர் கண்கள் முதலில் வேறொரு பெண்ணிடம் போய் நின்றன. மாமா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

அன்று சாப்பாட்டின்போதுதான் விஷயம் வெளிவந்தது. அத்தா பினாங்கில் மறுமணம் செய்திருந்தார். அந்த வீட்டார் மதராஸில் துணிக்கடை வைக்கிறார்கள். இவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமா கைகழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"புள்ள?" என்றார் கடைசியில்.

"ஊட்டுல இன்னும் சொல்லலை மச்சான். கொஞ்ச நாள் போகட்டும்."

எதைச் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. காரை வீட்டில் சொல்லாமல் வாங்கியிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். விலை உயர்ந்த சாமான் வாங்கினால் மாமாவும் மாமியிடம் உடனே சொல்ல மாட்டார்.

மறுநாள் அத்தா என்னை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு நாகலூர்ப் பக்கம் போனார். இருபுறமும் காப்பித் தோட்டம். அவருக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் வண்டியைப் பற்றிப் பேசினார். இந்தக் கம்பெனிக்காரர்கள் ஆதியில் தறி செய்தவர்களாம். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைக் கண்டுபிடித்தவர் மகன்தான் கார் செய்யத் தொடங்கியவராம். முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்கள் அந்த ஊர்ப் பெரிய சாலைகளில் ஈடுகொடுக்க முடியாமல் திணறினவாம். கம்பெனிக்காரர்கள் வாதாடவில்லை, விற்பதை நிறுத்திவிட்டு, ஊருக்குப் போய், வேறு வண்டியைச் செய்துகொண்டு திரும்பி வந்தார்களாம். இதையெல்லாம் பினாங்கில் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, சொந்த வம்ச வரலாறு போலச் சொன்னார். எங்கள் வம்சத்தைப் பற்றி அந்தப் பயணத்தில் பேச்சே வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"வண்டி நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"இது நிக்காது கண்ணு."

"நின்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இந்த ஊருல இதுக்கு சாமான் கெடைக்காது. சிங்கப்பூர்லேருந்துதான் வரணும். வர்ற வரைக்கும் இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

இதைவிடத் தெளிவான விதியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நான் டாக்சிக்காரர் கட்சி. ஒண்டிக்கடையில் இரண்டு கட்சி உண்டாகியிருந்தது. மச்சானின் மானத்துக்காக மாமா ஜப்பான் பக்கம். டாக்சிக்காரரோ, ஏறி வந்ததெல்லாம் கணக்கில் சேராது, புது வண்டி எதுவும் ஒருமுறை ஏறும், போகும்போது பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார்க்காரரின் சொந்த மகள் எதிர்க்கட்சியில் இருந்தது யாருக்கும் தெரியாது. தொழுகைக்குப் பிறகு கையேந்தச் சொல்லி மாமி எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். வண்டி கெட வேண்டும் என்று கையேந்தினேன். எந்தப் பாகம் என்று குறிப்பிடத் தெரியவில்லை, பொதுவாகக் கேட்டேன்.

புறப்படும் நாள் மதியம் அத்தா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார், தலையைத் தொட்டார், மாமாவைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம், படிப்பு கெடக்கூடாது என்றார். சாவியைத் திருகிய மறுகணமே எஞ்சின் பிடித்தது. வளைவில் திரும்பும்வரை பார்த்தேன். அழவில்லை. எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

அது வீண்போகவில்லை. வெகுநேரம் கழித்துச் சேலத்திலிருந்து மேலே வந்த பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் இறங்கி, "பாய், உங்க மச்சான் வண்டி பாதி மலைல நிக்குதுங்க. பானட்டத் தொறந்து வெச்சிருக்காருங்க. பஸ்ஸ நிறுத்திக் கேட்டோம், நீங்க போங்கன்னுட்டாரு" என்றார்.

டாக்சிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொன்னனுங்களா இல்லீங்களா? ஜப்பான் சாமான் நொம்ப நாளு தாங்காதுங்க."

நான் உள்ளே ஓடி, ராத்திரிக்கு அத்தாவுக்கும் சேர்த்துச் சோறு வைக்கும்படி மாமியிடம் சொன்னேன். பானட் திறந்து நிற்கும் வண்டியைப் போய்ப் பார்க்காமல் இருப்பது மலையில் வழக்கமில்லை. டாக்சியில் தண்ணீர் டின்னும், ஸ்பானர் பையும், வடக்கயிறும் ஏறின. "புள்ளையும் வரட்டுங்க பாய்" என்று டாக்சிக்காரரே கதவைத் திறந்துவிட்டார். அந்த இறக்கத்தில் நான் இருந்த சந்தோஷத்தில் பிறகு எந்தக் காரிலும் இருந்ததில்லை.

கார் ஒரு வளைவின் ஓரமாக ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. அத்தா எஞ்சினைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மேலே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து அவசரமாக பானட்டுக்குள் குனிந்துகொண்டார்.

"என்னாச்சுங்க?" என்றார் டாக்சிக்காரர்.

"தெரியலை. நின்னுருச்சு."

டாக்சிக்காரர் ரேடியேட்டர்மேல் கையை வைத்தார். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். ஒயர்களைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி உடனே உறுமியது. அணைத்துவிட்டு இறங்கி அத்தாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொண்டுவந்த பரிகாசம் எதையும் அவர் எடுக்கவில்லை. டின்னைத் தூக்கி, மூடியைத் திறந்து, நிறைந்திருந்த ரேடியேட்டரில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியதெல்லாம் வழிந்து ரோட்டில் ஓடியது.

"கொதிச்சிருச்சுங்க. வேற ஒண்ணுமில்லீங்க. இப்ப சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. இருட்டறதுக்குள்ள எறங்கிருங்க."

மாமா, "மச்சான், மேல வர்றதுன்னா வாங்க. சோறு ஆயிருக்கும்" என்றார். அத்தா பானட்டை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, "வெளிய குளுருது, டாக்சில ஏறி உக்காரு கண்ணு" என்று மட்டும் சொன்னார். நான் ஏறவில்லை. அவர்தான் ஏறிக்கொண்டு போனார்.

நான் டாக்சிக்காரர்மேல் கொண்ட கோபத்துக்கு அளவில்லை. சிங்கப்பூரிலிருந்து சாமான் வரவேண்டிய வண்டியை ஒரு டின் தண்ணீரில் சரிசெய்துவிட்டாரே. வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மழை நாட்களில் பள்ளிக்கு இறக்கிவிடுகிறேன் என்று வண்டியை நிறுத்துவார். நனைந்துகொண்டே நடப்பேன்.

அத்தா பிறகு மலைக்கு வரவில்லை. நானாக அவரைப் பார்த்தது உத்தியோகம் கிடைத்த பிறகு. அது வேறு கதை. அதில் கார் கிடையாது.

அன்று மாலை நாங்கள் திரும்பி வந்தபோது ஒண்டிக்கடையே காத்திருந்தது. எல்லாரும் டாக்சிக்காரர் வாயைப் பார்த்தார்கள். "ரேடியேட்டர் கொதிச்சு நின்னுருச்சுங்க. ஜப்பான் வண்டி நம்ம மலைக்கு ஆகாதுங்க" என்றார் அவர். அதோடு அந்தக் கம்பெனியின் பெயர் எங்கள் ஊரில் முடிந்தது. நான் வேலைக்குப் போகும்வரை ஜப்பான் கார் என்றால் மலையில் நின்றுபோன கார்தான்.

இறங்குகிற வண்டிக்கு ரேடியேட்டர் கொதிக்காது. இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. கெடுவதானால் பிரேக்தான் கெடும். ஒண்டிக்கடையில் பீடி விற்பவருக்கும் இது தெரியும். அற்ப விஷயத்துக்கும் அரைநாள் தர்க்கம் செய்கிற கூட்டம் அது. அன்று ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜெயித்த கட்சியும் கொண்டாடவில்லை. கல் வைக்கிறவர் தரையைப் பார்த்தார், ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள், மாமா அந்த நேரத்திலேயே கடையைச் சாத்தினார். எங்கள் கட்சி ஜெயித்தும் ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று நான் வாசலில் தனியாக நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.