இரண்டு பேர் தூக்கிய ஆம்ப்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் டியூபா டிரான்சிஸ்டரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைய பொழுது அதோடு போய்விடும். கிட்டாரின் சத்தத்தைக் கூட்டித் தரும் பெட்டிதான் ஆம்ப். டியூப் ஆம்புக்குள் பழைய வால்வு ரேடியோவில் இருப்பது போலக் கண்ணாடிக் குழல்கள் இருக்கும். அவை சூடேறி, ஆரஞ்சு நிறத்தில் கனன்ற பிறகுதான் சத்தமே வரும். டிரான்சிஸ்டர் ஆம்பில் குழல் கிடையாது, காத்திருப்பு கிடையாது, கனமும் அவ்வளவாகக் கிடையாது. நான் இருபது வருடமாக டியூப் கட்சி. எங்கள் இசைக்குழுவை நடத்துகிற, கீபோர்டு வாசிக்கிற தம்பி, "அக்கா, எல்லாரும் சின்ன ஆம்புக்கு மாறிட்டாங்க லா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், "அப்ப வேற ஆள பாத்துக்குங்க தம்பி" என்று வாயை அடைத்துவிடுவேன். என் வாய் அப்படி.

ஜொகூர் மாநிலத்தில், பத்து பாகாட் ஊரில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வாரம் முழுக்க அடுத்தவர் தையலில் கோணல் கண்டுபிடித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று வாசிக்கப் போவேன். என் ஆம்ப் இரண்டு துண்டு. மேலே டியூப் பெட்டி, கீழே ஸ்பீக்கர் பெட்டி. மேலே இருப்பதே ஒரு அரிசி மூட்டை கனம். கீழே இருப்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அதைத் தூக்குவது என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு பின் இருக்கையைக் கழற்றி, என் பெட்டிகளுக்கு இடம் செய்துவிடுவார். மண்டபத்துப் படிகளில் அவர் முன்னால், நான் பின்னால். "படி இருக்கு. இன்னொரு படி. நில்லு, மூச்சு வாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார். லாபிஸில் ஒரு கோயில் மேடைக்குப் பலகை மட்டும் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பலகையிலும் ஏற்றினார். வாசித்து முடித்ததும் கேபிள்களைச் சுருட்டுவதும் அவர் வேலை. தரையில் ஒரு கேபிள் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. வட்டம் வட்டமாக, ஒரு சுற்றுக்கூடப் பெரிது சிறிதில்லாமல் சுருட்டி ஆணியில் மாட்டுவார்.

போன வருடம் அவருக்குக் குடலிறக்கம் வந்து அறுவைச் சிகிச்சை ஆனது. மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அதன் பிறகும் பெரிய பளு வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். இவர் தன் கைப்பேசியில் என் ஆம்பின் படத்தைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டினார். "இதுவுமா டாக்டர்?" டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வேனை அவருடைய நண்பர் ஒருவர் ஓட்ட, இவர் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு சனிக்கிழமை காலை நான் கூடத்தில் ஆம்பைப் போட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. வாசலுக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசினேன். நான் முடித்துவிட்டேன் என்று இவர் நினைத்துக்கொண்டார். தூக்கத்தான் கூடாது, சுருட்டலாமே என்று ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டார். ஆம்ப் மட்டும் சூடாக எரிந்துகொண்டே இருந்தது.

நான் வந்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. வாசித்தேன், சத்தமில்லை. புத்தியுள்ளவள் ஆம்பின் பின்பக்கம் போய்ப் பார்த்திருப்பாள். நான் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தேன். டியூப் பெட்டிக்குள்ளிருந்தே கொசு மாதிரி மெலிதாக ஏதோ பாடியது. அப்புறம் துணி மேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த நாற்றம். விளக்கு அணைந்தது.

டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்கவே கூடாது. போக வழியில்லாத மின்சாரம் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரைச் சுட்டுவிடும். டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்தால் பேசாமல் இருந்திருக்கும், கேபிளை மாட்டினால் மறுபடி வாசித்திருக்கும். இது எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருபது வருடத்தில் தோன்றவில்லை.

"முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்மா" என்றார், கோப்பிக் குவளையோடு.

"இனிமே என் சாமான் எதையும் நீங்க தொடாதீங்க."

அவர் அப்படியே கேட்டுக்கொண்டார். அதுதான் என்னைக் கொன்றது. சண்டை போட்டிருக்கலாம், முறைத்திருக்கலாம். கூடத்தில் என் கிட்டார் உறை கிடந்தால்கூட அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார். பாதிக் குற்றம் என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றதுக்கெல்லாம் வருகிற வாய்.

பாசார் சந்தைக்குப் பக்கத்தில் பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் சீனர் ஒருவர் ஆம்பைத் திறந்து பார்த்தார். டிரான்ஸ்பார்மருக்குப் புதிதாகக் கம்பி சுற்ற முடியும், நான்கு வாரம் ஆகும் என்று மலாயில் சொன்னார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க வேண்டியது ஆம்பைப் பற்றி இல்லை. பழுது பார்த்து வீட்டுக்கு வந்துவிட்டால் இவர் தூக்குவார். நான் ஆலையில் இருக்கும்போது, எனக்குத் தெரியாமல், வேனில் ஏற்றி வைத்திருப்பார். இவரை எனக்குத் தெரியும்.

அவரோ ரிப்பேர்தான் என்று பிடிவாதமாக நின்றார். "பழசே நல்லது. டாக்டர் சொன்னது மூணு மாசந்தானே."

"அதுக்கப்புறமும் வேணான்னாரு. காதுல விழுந்திச்சா இல்லையா?"

"சின்னது உனக்குச் சரிப்படாது. நீதான சொல்லுவ, டியூப் மாதிரி வராதுன்னு."

என் வார்த்தையை வைத்தே என்னை மடக்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனேன். நான்தான் வேனை ஓட்டினேன். இசைக்கருவிக் கடையில் என்னுடையதைப் போலவே ஒரு பழைய டியூப் ஆம்ப் இருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி மாட்டி வாசித்தேன். இவர் ஒரு முக்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

வித்தியாசம் இல்லை என்று சொல்கிறவர்களை நான் நம்ப மாட்டேன். இருக்கிறது. டியூப் ஆம்பில் விரல் கம்பியை விட்ட பிறகுதான் சத்தம் முழுதாக எழும். மெல்லத் தொட்டால் உருண்டையாக வரும், ஓங்கித் தொட்டால் கொஞ்சம் கரகரக்கும். நம் தப்பைச் சற்றுப் பூசி மெழுகித்தான் வெளியே விடும். டிரான்சிஸ்டருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. விரல் என்ன செய்ததோ அதைச் சொல்லும். நகம் உரசினால் அதையும் சொல்லும். முதல் ஐந்து நிமிடம் எனக்கு அது பிடிக்கவே இல்லை. பத்தாவது நிமிடத்தில், என் மூன்றாவது விரல் எப்போதும் சற்றுப் பிந்தித்தான் விழுகிறது என்று தெரிந்தது. இருபது வருடமாக டியூப் அதை எனக்குச் சொல்லவில்லை. தரம் பார்க்கிறவளுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

ஆனாலும் டியூப் சத்தம்தான் எனக்குப் பிடித்த சத்தம். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

இவர் எழுந்து வந்து சின்ன ஆம்பை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். எதுவும் வாங்காமல் கிளம்பினோம்.

நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆயர் ஈத்தாம் ஊர் தாண்டியதும் பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

"ரெண்டுலயும் வாசிச்சேன்ல. உங்க காதுக்கு எது நல்லா இருந்திச்சு?"

"பழசு."

"ஏன்?"

"கனமா இருந்திச்சு."

"சத்தமா?"

"இல்ல. பெட்டி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"மேடையில எல்லாரும் சேந்து வாசிக்கிறப்ப, எது உன் சத்தம்னு எனக்குத் தெரியாதுமா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே மெல்லச் சொன்னார். "வீட்டுல தனியா வாசிச்சா தெரியிது. அங்க போனா காணாம போயிடுது. மொதல்ல டிரம்மத்தான் நீன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கேக்க வெக்கமா இருந்திச்சு. வருஷம் ஆக ஆக, இனிமே எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். உன் வீட்டுக்காரம்மா நல்லா வாசிக்கிறாங்கன்னு ஆளுங்க சொல்லுவாங்க. ஆமாம்பேன்."

நான் வேனைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டேன். ஓட்ட முடியவில்லை.

"அதனால என்னா, ஆம்ப நான்தான தூக்குறேன்னு இருந்திச்சு. அது இல்லாம நீ வாசிக்க முடியாதுல்ல. இப்ப நீ அந்தச் சின்னத வாங்கிட்டேன்னா, ஒரு கையில எடுத்துக்கிட்டு நீயே போயிடுவ. அங்க எனக்கு என்னா வேல?"

அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆனால் இந்த முறை அவர் மேல் இல்லை. எத்தனை இரவுச் சாப்பாட்டில் இவரிடம் டியூபின் பெருமையை அளந்திருக்கிறேன். கதகதப்பு, உருண்டை, அடிவயிற்றில் இறங்குவது என்று. இவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். நான் வாசிக்கிற நேரம் முழுக்க இவர் வேனில் இருப்பார், இல்லையென்றால் மண்டபத்துக்குப் பின்னால் மற்ற ஓட்டுநர்களோடு நிற்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெட்டியை இறக்கி வைத்தால் அவர் வேலை முடிந்தது என்று நானும்தான் நினைத்திருக்கிறேன்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். டிரம்மின் பெரிய அடிக்குப் பக்கத்திலேயே, அதற்குக் கொஞ்சம் கீழே கேட்கும் என்றேன். கீழே என்றால் எங்கே என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் போய் டிரான்சிஸ்டரை வாங்கி வந்தேன். கூடவே இலகுவான ஒரு ஸ்பீக்கர் பெட்டியும். பழைய டியூப் பெட்டியைச் சீனரிடமே கொடுத்துவிட்டேன். பிரிய மனமில்லைதான். அவர் கடைக்குள் அதை இழுத்து வைப்பதைப் பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

புது ஆம்போடு முதல் வாசிப்பு பொந்தியானில், ஒரு கல்யாணத்து மத்தியான விருந்து. நானே ஒரு கையில் ஆம்பையும் தோளில் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்பீக்கர் பெட்டியைக் குழுவில் மற்றவர்கள் தூக்கினார்கள். இவர் வேன் பக்கத்தில் வெறும் கையோடு நின்றார்.

"வாங்க" என்றேன். "இன்னிக்கு வேன்ல உக்காரக் கூடாது. உள்ள வந்து எனக்கு நேரா உக்காருங்க."

மேடைக்கு முன்னால் மூன்றாவது மேசையில் உட்கார்ந்தார். பிரியாணித் தட்டு வந்தது. பாட்டு ஆரம்பித்ததும் அவர் சாப்பிடவே இல்லை. கீபோர்டைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், மறுபடி டிரம்மைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினார். ஒரு பாட்டு போனது, இரண்டு போனது. மூன்றாவதில் தேடுவதை விட்டுவிட்டு, தலை குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

நான்காவது பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்கி ஓர் அடி போயிருக்கும். நான் இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன்.

டிரம்காரர் சட்டென்று திரும்பி என்னை முறைத்தார். பாடகி பாடிக்கொண்டுதான் இருந்தாள், கீபோர்டும் ஓடியது, தாளமும் இருந்தது. பாட்டு நிற்கவில்லை. ஆனால் மண்டபத்தில் ஏதோ குறைந்தது. வாய்க்குப் போன கரண்டி இவர் கையில் பாதியில் நின்றது. முதலில் தரையைப் பார்த்தார். அப்புறம், பக்கத்து நாற்காலியிலிருந்து யாரோ எழுந்து போய்விட்டது போல இடப்பக்கம் பார்த்தார். அப்புறம் மேடையைப் பார்த்தார். என் இரண்டு கையும் காற்றில் இருந்தன.

நான்கு சுற்று போகவிட்டு, ஐந்தாவதின் முதல் அடியில் விரலை வைத்தேன்.

அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு விரலை நீட்டி என்னைச் சுட்டிக் காட்டினார். அத்தனை பேர் நடுவில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

பாட்டு முடிந்ததும் கீபோர்டுத் தம்பி பதறிப்போய் வந்தார். "அலமாக், என்னாக்கா ஆச்சு? கேபிள் கழண்டுடுச்சா?"

"இல்ல தம்பி" என்றேன். "என் வீட்டுக்காரரு என்னைத் தேடிக்கிட்டு இருந்தாரு."