நாலு நீலத் தோல்

என் கோர்ட்டு நோட்டுக்கு இருபதுக்குப் பத்தொன்பது மார்க். கீழே சிவப்பு மையில் 'கூர்மையான கவனிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் எங்கள் பேராசிரியர். அந்த நோட்டை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. ஆத்திரம் அடங்குகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன், மறுபடியும் பற்றிக்கொண்டு வரும்.

சட்டம் படிக்கிறவர்கள் கடைசி வருஷம் கோர்ட்டுக்குப் போய், ஒரு கிரிமினல் வழக்கைக் கூட இருந்து பார்த்து, நடந்ததை நோட்டில் எழுதித் தர வேண்டும். நீதி எப்படி வழங்கப்படுகிறது என்று நேரில் தெரிந்துகொள்வதற்காம். "கடைசி பெஞ்சுல உக்காரணும். நீங்க அங்க சுவரு. சுவரு பேசுச்சின்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லித்தான் பேராசிரியர் அனுப்பினார். கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை. அப்பா டேனரியில், தோல் பதனிடுகிற டிரம் ஓட்டுகிறவர். ஆம்பூரிலிருந்து தினமும் வேலூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தவள் நான். அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு பெரிசு என்று விளக்க வேண்டியதில்லை.

எந்த ஊர்க் கோர்ட்டு என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்தது ஒரு திருட்டு வழக்கு. ஒரு தோல் கம்பெனியில் லாரியிலிருந்து சரக்கு இறக்குகிறவர், நாற்பது வயசு இருக்கும், உப்புப் போட்ட, இன்னும் பதனிடாத நாலு பச்சை ஆட்டுத்தோலைத் திருடிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாராம். போன அரை மணி நேரத்தில் ரோட்டிலேயே போலீஸ் மடக்கித் தோலைக் கைப்பற்றியதாம். குற்றப்பத்திரிகை அப்படித்தான் சொன்னது. கேஸ் போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கம்பெனியின் வாசல் கேட்டும் அவருக்குத் திறக்கவில்லை. திருட்டுக் கேஸ் இருக்கிறவனை உள்ளே விட மாட்டார்கள். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: திருடன் இல்லை என்று ஆகி மறுபடி கேட்டுக்குள் போக வேண்டும்.

நான் போன முதல் நாள் மகஜர் சாட்சி வந்தார். போலீஸ் தோலைக் கைப்பற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர். எல்லாக் கேள்விக்கும் 'ஆமாங்க' சொன்னார். பிறகு கோர்ட்டு போலீஸ்காரர் சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடனே பாருங்கள், பெஞ்சு கிளார்க்கு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். அரசு வக்கீல் பொத்தினார். டவாலி இரண்டடி தள்ளி நின்றார். தோல் என்றாலே நாறும் என்பது அவர்களுக்கும் தெரியும். மூட்டையைப் பிரித்தார்கள். நாலு தோலும் நீலமாக இருந்தன. ஒரு மயிர் இல்லை, ஒரு கல் உப்பு இல்லை. காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. நாற்றம் என்று ஒன்றும் வரவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வெட் புளூ! சுண்ணாம்பில் போட்டு, மயிர் எடுத்து, சதை சீவி, டிரம்மில் குரோமியம் விட்டுச் சுற்றினால்தான் அந்த நீலம் வரும். நாள் கணக்கில் ஆகிற வேலை. லாரியிலிருந்து இறங்கிய பச்சைத் தோல், அரை மணி நேரத்தில் சைக்கிள் கேரியரில் தானாகவா நீலமாச்சு? இல்லை, போலீஸ் ஸ்டேஷன் அலமாரிக்குள் டிரம் ஓடுகிறதா? நிஜமாகவே பச்சைத் தோலாக இருந்தால் எங்கள் பக்கத்து வெயிலுக்கு அந்த ஒன்றரை வருஷத்தில் புழு வைத்து, அந்தக் கட்டடத்தையே காலி பண்ண வேண்டி வந்திருக்கும். இவர்களோ வராத நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே சான்றுப் பொருள் ஒன்று முதல் நாலு என்று எழுதி முடித்தார்கள். ஏன் நாறவில்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஒருத்தர்!

நான் குனிந்து நோட்டில் எழுதினேன். 'பொருள் குற்றச்சாட்டுடன் பொருந்தவில்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். சுவர் அல்லவா நான்.

மத்தியானம், கூண்டில் நின்றவருடைய வக்கீலைப் பிடித்தேன். சட்ட உதவி வக்கீல், கையில் ஏழெட்டுக் கட்டு. சொன்னேன். "ஏம்மா, அதையெல்லாம் கேக்கணும்னா எக்ஸ்பர்ட்டைக் கூப்புடணும், கேஸ் இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும். பார்க்கலாம், நீ போய் ரெக்கார்டு எழுது" என்றார். எக்ஸ்பர்ட்டாம்! ஆம்பூரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் எக்ஸ்பர்ட்டுதான் வந்து திறப்பார். எங்கள் தெருவில் ஆறு வயசுப் பிள்ளை சொல்லும் பச்சை எது, புளூ எது என்று.

கேஸில் மாட்டிக்கொண்டவரை வெளியே டீக்கடையில் பார்த்தேன். கையெல்லாம் உப்பு அரித்து வெடித்த பழைய தழும்பு.

"அண்ணா, அது புளூ" என்றேன்.

சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியாதா பாப்பா? பதினாலு வருஷம் உப்புத்தோலு சுமந்தவன் நான். புளூ கெடக்கற டிரம் பக்கமே நம்மள விட மாட்டாங்க."

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? பேரைக் கூப்புட்டா 'ஐயா'ன்னு வந்து நிக்கணும். இன்னிக்கு வரைக்கும் என்னை அவ்ளோதான் கேட்டாங்க."

கையுறை கேட்டு சூப்பர்வைசரோடு தகராறு பண்ணியதில் ஆரம்பித்த வினை இது என்றார். அது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலு நீலத் தோல் பொய் என்பது எனக்குத் தெரியும். "கவலைப்படாதீங்கண்ணா, வக்கீல்கிட்ட சொல்லிட்டேன், அடுத்த வாய்தாவுல கேப்பாரு" என்று பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாய்தாவில் வக்கீல் கேட்கவில்லை. ஒரு மனு கொடுத்தார். எதிரி, அதாவது அந்த அண்ணன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று.

நீதிபதி அம்மா நல்லவர்தான், அன்றைக்கு அவர் மேசையில் முகம் தெரியாத அளவுக்குக் கட்டுகள். அவர் முறைப்படி கேட்டார்: "நீங்களா ஒத்துக்கறீங்களா? யாராவது மிரட்டினாங்களா?" கூண்டில் நின்றவர் வக்கீலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, நானாத்தான்" என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். சத்தியமாக எழுந்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த தோழி துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "கையெழுத்துடி" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். அவள் மேல் பழி போட எனக்கு வாய் வராது. உட்கார்ந்தது நான்தான்.

அபராதம், கோர்ட்டு கலைகிற வரைக்கும் காவல். அதாவது சாயங்காலம் வரைக்கும் அந்த மூலையிலேயே நிற்க வேண்டும். அவர் நின்றார். என்னைப் பார்த்து, முடிஞ்சிடுச்சு என்று கையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. கலைந்ததும் நேரே என்னிடம்தான் வந்தார்.

"ஏண்ணா ஒத்துக்கிட்டீங்க?" என்று கத்தினேன்.

"வக்கீல் சார் சொன்னாரு பாப்பா, ஒத்துக்கினா இன்னிக்கே கேஸ் முடிஞ்சிடும், பேஜார் இல்லன்னு. சரி, கோர்ட்டு சீல் வெச்ச பேப்பரு எங்க வாங்கறது?"

தீர்ப்பு நகல் கேட்கும் மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கோபத்தில் இருந்தேனாம் நான்! எங்கள் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது தெரிய வேண்டாமா? டேனரியில் சீல் இல்லாமல் ஒரு துண்டுத் தோல் வெளியே போகாது, ஒரு டப்பா கெமிக்கல் உள்ளே வராது. ஆள் போகவும் சீட்டு, வரவும் சீட்டு. சீல் வைத்த சீட்டை நீட்டினால் கேட் திறக்கும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். கேஸ் முடிந்தது என்றதும் அவருக்கு அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடிக்கொண்டு வந்து நின்றார். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக அந்த நகல். அன்றைக்குத்தான் நோட்டில் மார்க் வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படி பாப்பா. முந்தாநேத்து கம்பெனி கேட்டுல காட்டினேன். செக்யூரிட்டி போன்ல போட்டோ புடிச்சிக்கினு, சொல்லி அனுப்பறோம் போன்னாரு. நேத்து வேற கம்பெனிக்குப் போனா, அங்க இருக்கறவன் என் மூஞ்சையும் பார்க்கறான், போனையும் பார்க்கறான்."

இங்கிலீஷில் ரெண்டு பக்கம். நான் மனசுக்குள் படித்தேன்.

"திருடன்னு எழுதியிருக்குதுண்ணா."

"யாரு சொன்னதா?"

"நீங்களே சொன்னதா."

பஸ்காரன் திருப்பத்தூர், திருப்பத்தூர் என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"தோலு நீலமா இருந்திச்சின்னு எங்கியாவது எழுதியிருக்குதா?"

திரும்ப ஒரு தரம் முழுசாகப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

"அன்னிக்கு நீ குனிஞ்சி குனிஞ்சி எழுதினியே பாப்பா. அதுல இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் பையைப் பார்த்தார். "அதை எடுத்துக்கினு போய்க் கேட்டுல காட்டட்டா? சீல் இருக்குதா அதுல?"

இருந்தது. எங்கள் கல்லூரி சீல். அதன்மேல் பேராசிரியர் கையெழுத்து, பக்கத்தில் என் மார்க்.