மூணாவது ஸ்டார்ட்டுக்குக் காத்து

எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க. ஊர்ல கெடா வெட்டினா கறி துன்ன மட்டும் போவேன், அவ்ளோதான் எனக்கும் சாமிக்கும். நீங்க உள்ளுக்குள்ள சிரிக்கிறது தெரியுது, சிரிங்க, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா இது ராத்திரியில சுடுகாட்டுப் பக்கம் நடந்தது இல்ல. பட்டப்பகல்ல ரெண்டு மணிக்கு, கள்ளக்குறிச்சிக்கு மேக்க ஒரு கெழங்கு மாவு மில்லுல, நான் நின்னுக்கினு இருந்த எடத்துல நடந்தது.

அது கரண்ட் போய்ப் போய் வந்துக்கினு இருந்த காலம். கல்ராயன் மலையிலேருந்து மரவள்ளிக் கெழங்கு லாரி லாரியா எறங்கும், அரைக்க கரண்ட் இருக்காது, எல்லாம் அழுவிப் போவும். எங்க முதலாளி எங்கியோ கப்பல் ஒடைக்கிற எடத்துலேருந்து ஒரு பழைய கேஸ் டர்பைனைப் புடிச்சுக்கினு வந்துட்டாரு. டீசல்ல ஓடும், மில்லு மொத்தத்துக்கும் கரண்ட் குடுக்கும். ஆனா அதைச் சாவி போட்டுக் கெளப்ப முடியாது. ஒரு பெரிய டேங்குல காத்தை அழுத்தி அடைச்சு வெச்சிருப்போம், வால்வைத் தொறந்தா அந்தக் காத்து போய்ச் சுத்தி வுடும், அப்பதான் பத்திக்கும். அந்த டேங்குல காத்தடைக்கிற கம்ப்ரஸருக்கோ கரண்ட் வேணும். அதாவது கரண்ட் போயிட்டா டேங்குல இருக்கிற காத்துதான் கதி, அது தீந்துட்டா தலைகீழா நின்னாலும் டர்பைன் சுத்தாது.

எவ்ளோ பெரிய டேங்க் வேணும்னு கணக்கு போட்டது அங்க மிஷினெல்லாம் பாத்துக்கினு இருந்த நான்தான். டிப்ளமா படிச்ச திமிரு. மூணு தடவை ஸ்டார்ட் பண்ற அளவுக்குக் காத்து இருக்கும்னு எழுதிக் கையெழுத்து போட்டேன், முதலாளியும் ஒரே டேங்கோட முடிச்சுட்டாரு. நான் பண்ண தப்பு இன்னான்னா, உள்ள இருக்கிற காத்து மொத்தத்தையும் கணக்குல சேத்துட்டேன். வூட்டுத் தண்ணித் தொட்டியில கொழாய்க்குக் கீழ நிக்கிற தண்ணி வெளிய வருமா? வராதில்ல. அதே மாதிரிதான், அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழ எறங்கிட்டா மிச்சக் காத்து சும்மா புஸ்ஸுன்னு போவும், டர்பைனை அசைக்காது. நான் கொழாய்க்குக் கீழ இருந்ததையும் எண்ணிட்டேன். காயிதத்துல மூணு, நெஜத்துல ரெண்டு. அந்த நாள் வரைக்கும் இது எனக்கே தெரியாது.

அன்னிக்கு ஏழுமலையண்ணன் கழிவுத் தொட்டிக்குள்ள எறங்கினாரு. கருணாபுரத்துலேருந்து தெனக்கூலிக்கு வர்றவரு, அவரு சம்சாரம் அஞ்சலையும் எங்ககிட்டதான் கெழங்கு தோல் சீவிக்கினு இருந்தாங்க. மூடின தொட்டி அது, ஒரு ஆள் பூர்ற அளவுக்குத்தான் வாய், உள்ள புளிச்ச மாவுத் தண்ணி, வெஷ வாயு நிக்கும். மேலேருந்து ப்ளோயர் நல்ல காத்தைத் தள்ளிக்கினே இருக்கணும். மூணு மணிக்குத்தான் கரண்ட் போவும்னு சொல்லியிருந்தாங்க, நான்தான் அதுக்குள்ள முடிச்சிடலாம் எறங்குங்கண்ணான்னு சொன்னேன். ரெண்டு மணிக்கே போயிடுச்சு.

ப்ளோயர் நின்ன ஒடனே மேல வாங்க மேல வாங்கன்னு கத்தினோம், பதில் இல்ல. அவரு தொட்டியோட அந்தக் கோடியில இருந்தாரு, இடுப்புல கயிறும் கட்டல. ரெண்டு பேரு நாங்க எறங்கறோம்னு ஓடினானுங்க, நான் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டேன், எறங்கினா அவனுங்களும் போயிடுவானுங்க. ப்ளோயர் ஓடணும், அதுக்கு டர்பைன் ஓடணும், வேற வழியே இல்ல.

மொதல் ஸ்டார்ட் சுத்துச்சு, பத்திக்கல. ரெண்டாவது பத்திச்சு, ஒரு இருமல் இருமி அணைஞ்சுடுச்சு. டீசல் ஃபில்டர்ல தண்ணி. அதைக் கழட்டித் தொடைச்சு மாட்டினேன். நிமிந்து பாக்கறேன், டேங்க் கேஜ்ல முள்ளு, இதுக்குக் கீழ போனா டர்பைன் சுத்தாதுன்னு போட்டிருக்கிற செவப்புக் கோட்டுக்குக் கீழ கெடக்குது. அப்பதாங்க எனக்குப் புரிஞ்சுது, மூணாவது ஸ்டார்ட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு. ஒரு மனுஷனைப் பேனாவாலயே கொன்னுட்டோம்னு நெனைச்சேன்.

நம்பினா நம்புங்க, இல்லாட்டி வுட்டுடுங்க, அந்த முள்ளு ஏறுச்சு. கம்ப்ரஸர் மேல கை வெச்சுப் பாத்தேன், செத்துக் கெடக்குது. முள்ளு ஒரு துளி ஏறும், நிக்கும், இன்னொரு துளி ஏறும், நிக்கும், எறங்கவே இல்ல. வெய்யில்ல டேங்க் சூடாயிருக்கும்னு சொல்லப் போறீங்க, அன்னிக்கு மழை மூட்டங்க. அதே நேரத்துல தொட்டி வாய்கிட்டேருந்து அஞ்சலை கத்தறாங்க.

"மூச்சு வுடறாருங்க சார்! பெருசு பெருசா வுடறாரு, எனக்கு நல்லாக் கேக்குது! சீக்கிரம் போடுங்க சார்!"

அவங்க ஒவ்வொரு தடவை "தோ, இன்னொண்ணு"ன்னு சொல்றப்பவும் முள்ளு ஒரு துளி ஏறுது. நான் பாத்துக்கினே நிக்கிறேன். முள்ளு செவப்புக் கோட்டைத் தொட்டுச்சு. அவங்க சத்தம் நின்னுபோச்சு. இன்னாம்மான்னு கத்தினேன்.

"ஒண்ணும் கேக்கல சார்" ன்னாங்க.

வால்வு மேல கை இருக்குது. இந்தக் காத்து யாரோடதுன்னு ஒரு நொடி தோணுச்சு, தொறக்காம வுட்டா அவருக்கே திரும்பிப் போயிடுமோன்னும் தோணுச்சு. பைத்தியக்காரத்தனம்தான். தொறந்துட்டேன். அந்த மிஷின் அவ்ளோ சுத்தமா அதுக்கு மின்ன கெளம்பினதே இல்ல, பொகை கூட வரல. ப்ளோயர் ஓடுச்சு, ஆளுங்க எறங்கித் தூக்கினாங்க, உயிர் இல்ல.

ஆஸ்பத்திரியில டாக்டர், ப்ளோயர் நின்ன ரெண்டு மூணு நிமிஷத்துலயே போயிருக்கும்னு சொன்னாரு. அப்ப கால் மணி நேரம் கழிச்சு அஞ்சலைக்குக் கேட்டது இன்னா? "கேட்டுச்சுங்களே சார், இன்னும் கொஞ்சம் மின்னாடி போட்டிருந்தா" ன்னு என் கையைப் புடிச்சுக்கினு அழுதாங்க.

முதலாளி என் தோளைத் தட்டிக் குடுத்தாரு. உன் கணக்கு சரிதாம்ப்பா, மூணாவதுல கெளம்பிடுச்சே, அவரு விதி அவ்ளோதான்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. ஒரு வாரம் கழிச்சு கணக்கைத் திருத்தி எடுத்துக்கினு போனேன், தப்பாப் போட்டுட்டேன் சார், ரெண்டுதான் வரும், இன்னொரு டேங்க் வேணும்னேன். அவரு ஒழுங்கா முழுசா படிச்சாரு, கெட்டவரு இல்ல. படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"அப்ப அன்னிக்கு எப்பிடிப்பா கெளம்புச்சு?"

முள்ளு தானா ஏறுச்சுன்னு சொன்னா யாரு நம்புவா? பழைய காயிதமே நின்னுடுச்சு. அதையே கரியாலூர் போற வழியில மில்லு வெச்சிருந்த அவரு மச்சானுக்கும் குடுத்தாரு, அவரும் அதே மாதிரி டர்பைன் வாங்கியிருந்தாரு. என் கையெழுத்தோட போச்சு. நான் வேலையை வுட்டுட்டு டவுன்ல மோட்டார் காயில் கட்டற கடை போட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் மத்தியானம், கடையில இருக்கறேன், தெரியாத நம்பர். முதலாளி மச்சானோட மலை மில்லு ஆபரேட்டர். காயிதத்துல உங்க பேரும் நம்பரும் இருக்குது சார், மூணு ஸ்டார்ட் வரும்னு எழுதியிருக்கீங்க, ரெண்டுலயே முள்ளு எறங்கிடுச்சு, இன்னா சார் பண்றதுன்னு பதர்றான். தொட்டிக்குள்ள ஆள் இருக்குதான்னு கேட்டேன்.

"ரெண்டு பேரு சார். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? சார் சார், இருங்க, முள்ளு ஏறுது சார்! தானா ஏறுது!" அவ்ளோ சந்தோஷம் அவன் கொரல்ல. "கோட்டுக்கு வந்துடுச்சு. தொறக்கட்டுமா சார்?"

தொறக்காதன்னு சொன்னா ப்ளோயர் ஓடாது. தொறன்னு சொன்னா அந்தக் காத்து யாரோட மூச்சு? தொறக்கட்டுமா சார் தொறக்கட்டுமா சார்ன்னு கேட்டுக்கினே இருந்தான், அப்புறம் லைன் கட் ஆயிடுச்சு. மலையில டவர் கெடைக்காம கட் ஆச்சா, நான் கட்டைவெரலால அமுத்தினேனா, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. அவன் திருப்பிக் கூப்புடல, நானும் கூப்புடல. அந்த ரெண்டு பேரு இன்னா ஆனாங்கன்னு நான் யாரையும் கேட்டதில்ல, கேக்கவும் மாட்டேன்.